தீவுக்கு நாள் குறிப்பது: செட்டியார்பட்டியிலிருந்து ராமேஸ்வரம்

ராமேஸ்வரம் போக நல்ல மாதம் எது என்று கேட்டால், "அக்டோபரிலிருந்து மார்ச் வரை எப்போது வேண்டுமானாலும் போங்கள், வெயில் இருக்காது" என்று சொல்லிவிடுவார்கள். அதை நம்பி டிக்கெட் போடாதீர்கள். அந்த ஆறு மாதத்தில் பாதி, தீவின் மழைக்காலம். மீதிப் பாதியில் சில நாட்கள் கோயில் வாசலை நெருங்கவே முடியாத கூட்டம். இரண்டையும் கழித்து மிஞ்சும் நாட்களைக் கண்டுபிடிக்கத்தான் இந்த அத்தியாயம். செட்டியார்பட்டி, தளவாய்புரம், முகவூர், சேத்தூர் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு கிளம்புகிறவர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ வண்டி ஏறுகிறவர்களுக்கும் கணக்கு இதேதான்.

இரண்டு கடல், இரண்டு காற்று

பாம்பன் தீவுக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. வடக்குக் கடலைப் பெண் கடல் என்றும் தெற்குக் கடலை ஆண் கடல் என்றும் அங்கே சொல்வார்கள். வடக்கே ஆழம் குறைவு, அலையும் சிறியது. தெற்கே இரண்டும் அதிகம். தனுஷ்கோடிக்கு அப்பால் அரிச்சல்முனையில் நின்றால் இரண்டையும் ஒரே பார்வையில் பார்க்கலாம்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்கிலும் தென்மேற்கிலும் இருந்து கச்சான் காற்று அடிக்கும். அந்த நாட்களில் தெற்குக் கடல் கொந்தளிக்கும், வடக்குக் கரை அடங்கிக் கிடக்கும். அக்டோபர் பாதிக்கு மேல் வாடை திரும்பிவிடும். அப்போது வடக்குக் கடல் கலங்கும், தெற்கு அடங்கும். வாடை ஓய்ந்து கச்சான் இன்னும் கிளம்பாத இடைவெளியில் இரண்டு கடலும் சேர்ந்து அமைதியாக இருக்கும். அது ஜனவரிக் கடைசியிலிருந்து மார்ச் வரை. நாள் குறிப்பதற்கு இதுவே அடிப்படை. மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

பாம்பன் சாலைப் பாலத்தில் போகும்போது இருபுறமும் கவனியுங்கள். நாட்டுப் படகுகள் எந்தப் பக்கம் கூட்டமாகக் கட்டிக் கிடக்கின்றனவோ, அந்தப் பக்கக் கடல்தான் அன்றைக்கு அமைதி. காற்று மாறும்போது மீனவர்கள் படகுகளையும் இடம் மாற்றிவிடுவார்கள். ஜன்னலோரத்திலிருந்தே பார்த்துக்கொள்ளுங்கள். பாலத்தில் வண்டியை நிறுத்தி இறங்குவது விபத்துக்கு வழி.

நம் ஊரிலிருந்தே இந்தக் காற்றைக் கணிக்க ஓர் எளிய வழி உண்டு. மேற்கே மலையை மேகம் மூடி, சாஸ்தா கோயில் பக்கம் தூறல் விழுந்து, குற்றாலத்தில் சாரல் களைகட்டிவிட்டது என்றால் தனுஷ்கோடியில் கச்சான் உச்சத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். மலையில் மோதி நமக்குச் சாரலைத் தரும் அதே காற்று, தீவைக் கடக்கும்போது ஈரம் இழந்து, வேகம் மட்டும் மிச்சமாக வீசுகிறது. எனவே குற்றால சீசன் நன்றாக இருக்கும் வாரத்தில் குற்றாலத்துக்கே போங்கள். தீவை ஒத்திவையுங்கள்.

படி 1: யார் போகிறீர்கள், எதற்காக?

தேதிக்கு முன்னால் இதை முடிவு செய்யுங்கள். நான்கு வகைப் பயணம் உண்டு, நான்குக்கும் காலம் வேறு.

1. தீர்த்தமாடி சாமி கும்பிட: கூட்டம் இல்லாத நாள் முக்கியம். காற்று இரண்டாம் பட்சம்.
2. முன்னோருக்குத் தர்ப்பணம், திதி: அமாவாசைக்கே போவதென்றால் கூட்டத்தை ஏற்றுக்கொண்டு, தங்குமிடத்தை முன்கூட்டியே பிடிக்க வேண்டும். வேறு திதியில் செய்யலாம் என்று உங்கள் குடும்ப வழக்கம் அனுமதித்தால் சுமை பாதியாகக் குறையும்.
3. பிள்ளைகளுக்குக் கடலும் தனுஷ்கோடியும் காட்ட: காற்றும் வெயிலும்தான் முக்கியம்.
4. படகில் குருசடைத் தீவு போன்ற இடங்களுக்கு: கடல் அடங்கியிருந்தால்தான் படகு விடுவார்கள். பிப்ரவரி, மார்ச் தவிர மற்ற மாதங்களில் அதை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

முதியவர்கள் உடன் வந்தால் அவர்களுடைய உடல்நிலைதான் தேதியை முடிவு செய்ய வேண்டும். கோயிலுக்குள் 22 தீர்த்தக் கிணறுகள். ஒவ்வொன்றிலும் வாளியால் தண்ணீர் ஊற்றுவார்கள். ஈரத் துணியோடு வரிசையில் நிற்பது, கூட்ட நாளில் மணிக்கணக்காக நீளும்.

படி 2: மழை மாதங்களைக் கழியுங்கள்

காலண்டரில் அக்டோபர் 15 முதல் டிசம்பர் கடைசி வரை ஒரு கோடு போட்டு அடியுங்கள். ராமநாதபுரம் வறண்ட மாவட்டம் என்று பெயர் எடுத்திருப்பதால், அங்கே என்ன பெரிய மழை என்று பலரும் நினைக்கிறார்கள். ஆண்டு மழையில் பெரும்பகுதி இந்த இரண்டரை மாதத்துக்குள்தான் கொட்டுகிறது. 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் பெய்தது. அப்படி ஒரு நாளில் நீங்கள் விடுதி அறையில் இருந்தால் அறையிலேயே, பாலத்துக்கு இந்தப் பக்கம் இருந்தால் இந்தப் பக்கமே.

இதில் இன்னொரு தவறான எண்ணமும் இருக்கிறது. கார்த்திகை தீபம் முடிந்தால் மழையும் முடிந்தது, மார்கழி பாதுகாப்பு என்பார்கள். தனுஷ்கோடியை அழித்த புயல் 1964 டிசம்பர் 22 நள்ளிரவில், மார்கழியில்தான் வந்தது. பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயிலைப் பயணிகளோடு கடல் கொண்டுபோனதும் அந்த இரவில்தான். 2020 டிசம்பர் முதல் வாரத்தில் புரெவி புயல் பாம்பனுக்கு அருகே வந்து நகராமல் நின்றது. அரையாண்டு விடுமுறை என்பதற்காக டிசம்பர் கடைசி வாரத்தில் பிள்ளைகளை அழைத்துப் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சபரிமலை முடித்து ராமேஸ்வரம் வரும் ஐயப்ப பக்தர்களின் கூட்டமும் அந்த வாரத்தில்தான் பெருகும்.

படி 3: ஆடியைத் தனியாகப் பாருங்கள்

நம் பக்கத்தில் பயணம் போகும் ஆசை ஆடியில்தான் வரும். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேர், சதுரகிரியில் ஆடி அமாவாசை, இருக்கன்குடியில் ஆடி வெள்ளி. ராமேஸ்வரத்தில் ஆடித் திருக்கல்யாணமும் அமாவாசையும் சேர்ந்து வருகின்றன. ஒரே மாதத்தில் இரண்டு வேலையை முடித்துவிடலாம் என்று தோன்றும். தோன்றினாலும் வேண்டாம், மூன்று காரணங்களுக்காக.

1. ஆடி அமாவாசையை ஒட்டி நம் பகுதிப் பேருந்துகள் சதுரகிரி அடிவாரமான தாணிப்பாறைப் பக்கம் திருப்பிவிடப்படும். மதுரை மார்க்கத்தில் நிற்கக்கூட இடம் கிடைக்காது.
2. அக்னி தீர்த்தக் கரையில் நடக்க இடம் இருக்காது. சிறு பிள்ளைகள் கை நழுவிப் போகும் அபாயம் அதிகம்.
3. தனுஷ்கோடியில் காற்று.

மூன்றாவதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஆடியில் அரிச்சல்முனைச் சாலையில் இறங்கினால், தெற்கேயிருந்து வரும் மணல் முழங்காலுக்குக் கீழே சுள்சுள்ளென்று அடிக்கும். சேலைத் தலைப்பைப் பிடிக்க ஒரு கை, பிள்ளையைப் பிடிக்க ஒரு கை என்று பெண்கள் பாடாய்ப் படுவார்கள். வாங்கிய சுண்டலில் பாதி மணல். சாலையின் மறுபுறம் போய் வடக்குக் கடலைப் பார்த்தால், சிறு அலைகூட இல்லாமல் தண்ணீர் பளபளத்துக் கிடக்கும். இந்த வேறுபாடே ஒரு காட்சிதான். இளைஞர்கள் மட்டும் போவதென்றால் ஆடியில், அமாவாசை தவிர்த்து, ஒரு வார நாளில் தாராளமாகப் போய்ப் பார்க்கலாம். கண்ணுக்கு மூக்குக்கண்ணாடியும் தலைக்குக் கட்ட ஒரு துண்டும் எடுத்துக்கொண்டால் போதும். கைக்குழந்தையோ ஆஸ்துமா உள்ளவர்களோ இருந்தால் வேண்டவே வேண்டாம்.

படி 4: கிடைக்கும் நான்கு வாரம்

தை அமாவாசைக்கும் மகா சிவராத்திரிக்கும் இடையே ஏறக்குறைய நான்கு வாரம் கிடைக்கும். தீவுக்குப் போக ஆண்டில் இதைவிட நல்ல காலம் இல்லை என்பது என் உறுதியான கருத்து. மழை முடிந்திருக்கும். வெயில் ஏறத் தொடங்கியிருக்காது. வாடை தணிந்து வரும். கோதண்டராமர் கோயிலைச் சுற்றியுள்ள நீர்த்தேக்கத்தில் பூநாரைகள் வந்து நிற்கும் பருவமும் இதுதான். நம் பக்கத்துத் தையல் கூடங்களில் வேலை செய்கிறவர்களுக்குத் தீபாவளி, பொங்கல் ஆர்டர்கள் முடிந்து மூச்சுவிட நேரம் கிடைப்பதும் ஏறக்குறைய இந்தச் சமயத்தில்தான்.

தேதியை இப்படிக் குறியுங்கள்:

1. தினசரிக் காலண்டரில் தை அமாவாசையைக் கண்டுபிடியுங்கள். அதற்குப் பின் மூன்று நாட்களை விடுங்கள். வந்த கூட்டம் கலைய அவ்வளவு நேரம் ஆகும்.
2. மகா சிவராத்திரிக்கு முந்தைய பத்து நாட்களை விடுங்கள். அது கோயிலின் மாசித் திருவிழாக் காலம்.
3. இடையில் தைப்பூசம் விழுகிறதா என்று பாருங்கள். பழனிக்குப் போகிறவர்களால் நம் பக்கத்துப் பேருந்துகள் நிறைந்திருக்கும். தைப்பூசத்தை ஒட்டிய இரண்டு நாட்களையும் கழியுங்கள்.
4. மிஞ்சியவற்றில் செவ்வாய், புதன், வியாழன் எதுவோ அதை எடுங்கள்.
5. தை அமாவாசை ஜனவரி நடுவிலேயே வந்துவிட்ட ஆண்டில் பொங்கல் விடுமுறைக் கூட்டமும் சேர்ந்திருக்கும். அப்போது இன்னும் ஒரு வாரம் தள்ளிக் கிளம்புங்கள்.

சிவராத்திரி முடிந்து பங்குனி முதல் பாதி வரையும் நல்ல நாட்களே. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் மார்ச் உதவாது.

பள்ளி விடுமுறையில்தான் முடியும் என்றால்

பலருடைய நிலைமை இதுதான் என்பதால் மழுப்பாமல் சொல்கிறேன். செப்டம்பர் கடைசியில் வரும் காலாண்டு விடுமுறையை முதலில் பாருங்கள். கச்சான் தணிந்துகொண்டிருக்கும், வடகிழக்கு மழை இன்னும் இறங்கியிருக்காது. மாலையில் ஓர் இடிமழை வந்தால் வரலாம். மகாளய அமாவாசை அந்த விடுமுறைக்குள் விழுகிறதா என்று மட்டும் பார்த்து, அதிலிருந்து மூன்று நாள் விலகிக்கொள்ளுங்கள்.

அடுத்த வாய்ப்பு மே. மதுரையில் 40 டிகிரி கொளுத்தும் நாளில்கூடத் தீவில் பெரும்பாலும் 35ஐ ஒட்டித்தான் இருக்கும், ஆனால் புழுக்கம் ஆளைச் சோர்த்துவிடும். காலை ஆறிலிருந்து ஒன்பது, மாலை நாலரைக்கு மேல் என்று வெளி வேலைகளை வைத்துக்கொண்டு நடுப்பகலை அறையில் கழித்தால் சமாளிக்கலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். மீன் சாப்பாட்டை எதிர்பார்த்துப் போகிறவர்கள் இதை நினைவில் வையுங்கள். நாட்டுப் படகு மீன் கிடைக்கும், விலை கூடுதலாக இருக்கும்.

கோடையில் கவனிக்க வேண்டிய ஆபத்து வேறு. காற்றே இல்லாத தெளிந்த நாளில், எங்கோ தொலைவில் கிளம்பிய நீளமான அலை திடீரென்று கரையேறும். கள்ளக்கடல் என்பது இதைத்தான். 2024 மே 6 அன்று குமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இறந்தது இப்படிப்பட்ட அலையில்தான். ஹைதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் மையம் முன்கூட்டியே எச்சரிக்கை தரும். தொலைக்காட்சியிலும் செய்தித்தாளிலும் அது வரும். அன்றைக்குத் தெற்குக் கரையில் கால் நனைக்கவும் இறங்காதீர்கள்.

படி 5: வழி

தூரம் இருநூறு கிலோமீட்டருக்கு மேல். காரிலோ வேனிலோ ஐந்து, ஆறு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், விருதுநகர், அருப்புக்கோட்டை, பரமக்குடி, ராமநாதபுரம் என்று போனால் மதுரை நெரிசல் இல்லை. ரயில் என்றால் ராஜபாளையத்தில் ஏறி மதுரையில் மாற வேண்டும். 1914ல் திறந்த பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றுபோய், சில ஆண்டுகள் மண்டபத்தோடு இறங்க வேண்டியிருந்தது. 2025 ஏப்ரல் 6ல் புதிய தூக்குப் பாலம் திறந்த பிறகு ராமேஸ்வரம் வரை ரயிலிலேயே போகலாம். காற்று அளவுக்கு மீறி வீசினால் பாலத்தில் ரயிலை அனுமதிக்க மாட்டார்கள். எனவே கச்சான் காலத்திலும் வாடைக் காலத்திலும் திரும்பும் வண்டிக்கும் அடுத்த ஊரில் பிடிக்க வேண்டிய வண்டிக்கும் இடையே தாராளமாக நேரம் விட்டு டிக்கெட் போடுங்கள்.

படி 6: நாளுக்குள் நேரம்

சரியான மாதத்தில் போய், தவறான மணிக்குத் தனுஷ்கோடியில் நின்றால் பயன் இல்லை. ஓர் இரவு தங்குகிறவர்களுக்கு இந்த வரிசை பொருந்தும்.

1. முதல் நாள் விடியுமுன் கிளம்பி மதியத்துக்குள் போய்ச் சேருங்கள். சாப்பிட்டுப் படுங்கள். கோயில் நடையும் மதியம் சாத்தியிருக்கும்.
2. மாலை நான்கு மணிக்குக் கலாம் நினைவிடம். நேரம் இருந்தால் குந்துகால். 1897 ஜனவரியில் விவேகானந்தர் வந்திறங்கிய இடம் அது.
3. இரவு சீக்கிரம் தூங்குங்கள். மறுநாள் அதிகாலை ஐந்து மணிக்கு ஸ்படிகலிங்க தரிசனம். செல்போனை அறையிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.
4. அதன் பிறகு அக்னி தீர்த்தம், பிறகு 22 தீர்த்தங்கள். முடிந்ததும் உலர்ந்த உடை மாற்றினால்தான் சந்நிதிக்குப் போகலாம். மாற்றுத் துணியை மறந்துவிட்டு, ஈரத்தோடு கடை தேடி அலைகிறவர்களைத் தினமும் பார்க்கலாம். பிரகாரத்துக் கல் தரை எப்போதும் நனைந்திருக்கும். முதியவர்களை ஓர் ஆள் கைபிடித்தே அழைத்துப் போக வேண்டும்.
5. காலை உணவு முடித்து எட்டு மணிக்குள் தனுஷ்கோடிக்குக் கிளம்புங்கள். பத்தரைக்குள் திரும்பிவிடுங்கள். அங்கே நிழல் என்று ஒன்று கிடையாது. தலைக்கு ஒரு லிட்டர் தண்ணீராவது வண்டியில் இருக்க வேண்டும்.

தனுஷ்கோடியை மாலையில் வைத்துக்கொள்வதானால், இருட்டுவதற்கு முன்பே வாகனங்களை உள்ளே விடுவதை நிறுத்திவிடுவார்கள் என்பதை மறக்க வேண்டாம். அரிச்சல்முனையில் எந்த மாதத்திலும் கடலில் இறங்கக் கூடாது. அமைதியாகத் தெரியும் வடக்குப் பக்கத்திலும் முனையை ஒட்டி நீரோட்டம் இழுக்கும், மணல் காலடியில் சரியும். குளிக்க ஆசைப்படும் பிள்ளைகளை அக்னி தீர்த்தக் கரையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அங்கே சில நாள் கடல் உள்வாங்கி, பாசி படிந்த தரை வெளியே தெரியும். காற்றாலும் அமாவாசை, பௌர்ணமி ஏற்றவற்றத்தாலும் அடிக்கடி நடப்பதுதான், பயப்பட வேண்டாம். பாசியில் வழுக்காமல் நடந்தால் போதும்.

வேறு தீவுகளுக்கு

இலங்கைக்கும் இதே இரண்டு காற்றுதான் கணக்கு. திருகோணமலை, பாசிக்குடாக் கரைக்கு ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை நல்லது. காலி பக்கம் போவதென்றால் டிசம்பர் முதல் மார்ச். மகனோ மகளோ மால்டாவிலோ சைப்ரஸிலோ வேலையில் இருந்து உங்களை அழைத்தால் நம் கணக்கு அங்கே பொருந்தாது. மத்தியதரைக் கடல் தீவுகளில் மழை குளிர்காலத்தில் பெய்யும், கோடை முழுக்க வறட்சி. ஜூலை, ஆகஸ்டில் வெயிலும் ஐரோப்பியர் கூட்டமும் அறை வாடகையும் ஒன்றாக ஏறும். மே மாதமோ செப்டம்பர் கடைசியோ கேளுங்கள். கோடை முழுக்கச் சூடேறிய கடல், செப்டம்பரிலும் குளிக்க இதமாக இருக்கும்.

படி 7: கிளம்புவதற்கு முந்தைய நாள்

1. சென்னை வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்பில் ராமநாதபுரம் மாவட்டத்தைத் தேடிப் பாருங்கள். ஆரஞ்சு அல்லது சிவப்பு எச்சரிக்கை இருந்தால் கிளம்ப வேண்டாம்.
2. பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருந்தால் செய்தியில் வரும். ஒன்றாம் எண் என்றால் தொலைவில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகியிருக்கிறது, மறுநாளும் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். மூன்றோ அதற்கு மேலோ என்றால் டிக்கெட்டை ரத்து செய்துவிடுங்கள்.
3. விடுதிக்கு ஒரு போன் போட்டு, "தனுஷ்கோடி ரோடு விட்டிருக்காங்களா, காத்து எப்படி இருக்கு?" என்று கேளுங்கள். எந்தச் செயலியையும்விட அந்தப் பதில் பயன்படும்.
4. மீனவர்கள் கடலுக்குப் போகத் தடை என்று செய்தி வந்திருந்தால், கோயிலுக்கு மட்டும் போய்த் திரும்புங்கள். தனுஷ்கோடியையும் படகையும் அடுத்த பயணத்துக்கு விடுங்கள்.

வழியில் ராமநாதபுரம் வரை போன பிறகு எச்சரிக்கை வந்தால் பாலம் ஏற வேண்டாம். உத்தரகோசமங்கை பக்கத்தில்தான் இருக்கிறது, தேவிபட்டினமும் தொலைவில்லை. அன்றைக்கு அவற்றைக் கும்பிட்டுவிட்டு ராமநாதபுரத்திலேயே இரவு தங்குங்கள். காலையில் கூண்டு இறங்கியிருந்தால் மண்டபத்திலிருந்து பேருந்துகள் வழக்கம்போல் ஓடுகின்றனவா என்று விசாரித்துக்கொண்டு புறப்படுங்கள்.